குடித்தனக்காரர் வழக்கை ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்றிவிட்டாரா? கலிஃபோர்னியா வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

விசாரணைக்கு முந்தின நாள் தபாலிலோ, அன்று காலை கோர்ட் வராந்தாவிலோ உங்கள் கைக்கு ஒரு கற்றைக் காகிதம் வரும். மேலே ‘நோட்டீஸ் ஆஃப் ரிமூவல்’ என்று இருக்கும். வீட்டைக் காலி செய்யச் சொல்லி மாநிலத்தின் சுப்பீரியர் கோர்ட்டில் நீங்கள் போட்ட வழக்கை, குடித்தனக்காரர் அமெரிக்க ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றிவிட்டார் என்று அர்த்தம். அதற்கு அவர் எந்த நீதிபதியிடமும் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. உங்கள் முறை வரும்போது மாநில நீதிபதி, ‘இந்த வழக்கை இப்போது என்னால் தொட முடியாது’ என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்.

பதற வேண்டாம். கலிஃபோர்னியாவில் ‘அன்லாஃபுல் டிடெய்னர்’ என்று சொல்லப்படும் இந்த வகை வழக்கு முழுக்க முழுக்க மாநிலச் சட்டத்தின் கீழ் வருவது. ஃபெடரல் நீதிபதிகளுக்கும் அது தெரியும். இப்படி வந்து சேரும் வழக்குகளை வழக்கமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வழக்கு திரும்பி வந்துவிடும். எத்தனை நாளில் வரும் என்பதில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது. எதிர்த்தரப்புக்கு லாபமும் அந்த நாட்களில்தான். ஃபெடரல் கோர்ட்டில் தாக்கல் கட்டணம் 405 டாலர். அதையும் கட்ட வசதியில்லை என்று தள்ளுபடி கேட்டு மனுப் போடலாம். பணம் வாங்கிக்கொண்டு இந்தக் காகிதங்களை நிரப்பித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். குடித்தனக்காரருக்கே தான் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று தெரியாமல் இருப்பதும் உண்டு. அதனால் அவர்மேல் கோபப்பட்டு இரண்டு நாளை வீணாக்காதீர்கள்.

பெரிய வீடு வாங்கிப் போகும்போது பழைய கான்டோவை விற்காமல் வாடகைக்கு விட்டு, இப்போது முதல்முறையாக வழக்குப் போட்டிருக்கும் நம்மவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. இது சட்ட ஆலோசனையும் இல்லை. கீழே வரும் ஃபெடரல் விதிகள் எல்லா மாநிலத்துக்கும் பொது. மாநில நடைமுறை என்று நான் சொல்வதெல்லாம் கலிஃபோர்னியாவுக்கு மட்டும்.

வழக்குப் போட்டது யார் பெயரில் என்பதை உடனே பாருங்கள். வீட்டை எல்.எல்.சி. பெயருக்கு மாற்றி வைத்திருந்தால், ஃபெடரல் கோர்ட்டில் அந்த நிறுவனத்துக்காக நீங்களே ஆஜராக முடியாது, வழக்கறிஞர் கட்டாயம். நூறு சதவீதமும் உங்களுடையதுதான் என்றாலும் அதே விதிதான். குடும்ப டிரஸ்ட் பெயரில் வீடு இருந்தாலும் இந்தச் சிக்கல் வரலாம். இந்த இரண்டில் ஒன்று என்றால், மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பிடித்துவிடுங்கள்.

உண்மையிலேயே மாறிவிட்டதா?

கையில் கிடைத்த காகிதத்தின் முதல் பக்கத்தில் ஃபெடரல் கோர்ட்டின் ‘ஃபைல்டு’ முத்திரையும் வழக்கு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கலிஃபோர்னியாவின் ஃபெடரல் மாவட்டங்களில் ஒன்றான வடக்கு மாவட்டத்தில் எண்ணின் முதல் இலக்கமே எந்த ஊர் என்று சொல்லிவிடும்: 3 என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ, 4 என்றால் ஓக்லாண்ட், 5 என்றால் சான் ஹோசே. அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. முத்திரையும் எண்ணும் இல்லாத காகிதம் வெறும் பயமுறுத்தலாகவும் இருக்கலாம்.

பேசர் என்ற ஃபெடரல் கோர்ட்டுகளின் இணையதளத்தில் ஒரு கணக்குத் தொடங்கி, குடித்தனக்காரரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பக்கத்துக்கு 10 சென்ட். ஓர் ஆவணத்துக்கு எவ்வளவு நீளமானாலும் 3 டாலருக்கு மேல் இல்லை. காலாண்டுக்கு 30 டாலர் வரை ஆனால் அதையும் கேட்க மாட்டார்கள். ஆக, கிட்டத்தட்ட இலவசம். வழக்கு இருந்தால் எல்லா ஆவணங்களையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘ஜேஎஸ் 44’ என்ற அட்டைப் படிவத்தை விட்டுவிடாதீர்கள். எந்தக் காரணத்தைச் சொல்லி மாற்றினார் என்பதை அதில் ஒரு கட்டத்தில் டிக் அடித்திருப்பார்.

பிறகு மாநில கோர்ட்டின் பக்கம் வாருங்கள். ஃபெடரல் சட்டத் தொகுப்பின் 28ஆம் தலைப்பு, 1446(டி) பிரிவின்படி, ஃபெடரல் கோர்ட்டில் தாக்கல் செய்தவர் எதிர்த்தரப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மாநில கோர்ட் கிளார்க்கிடமும் ஒரு நகலைத் தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் கடைசி வேலை முடிந்தால்தான் மாற்றம் முழுமையாகிறது. சுப்பீரியர் கோர்ட் வலைத்தளத்தில் உங்கள் வழக்கு எண்ணைப் போட்டு, அந்த நகல் ஏறியிருக்கிறதா, எந்தத் தேதியில் ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மாநில கோர்ட்டில் கையை வைக்காதீர்கள்

நகல் ஏறிய நிமிடத்திலிருந்து, வழக்கு திரும்பி வரும்வரை மாநில கோர்ட் எதுவும் செய்யக்கூடாது. குடித்தனக்காரர் பதில் போடவில்லை என்று டிஃபால்ட் (அவர் தரப்பைக் கேட்காமலே தோற்றதாகப் பதிவது) கேட்பது, தேதி கேட்பது, ஷெரிஃபிடம் போவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ‘இது எப்படியும் செல்லாத மாற்றம்தானே, அதற்குள் ஒரு தீர்ப்பு வாங்கிவிடலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு புவர்ட்டோ ரீக்கோவிலிருந்து ஒரு வழக்கு வந்தது. கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களின் ஓய்வூதியம் பற்றியது. வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போயிருந்த இடைவெளியில் உள்ளூர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகள் அத்தனையும் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பின்தேதியிட்டு அந்த ஓட்டையை அடைக்கவும் முடியாது. அவசரப்பட்டு வாங்கும் தீர்ப்பை வைத்துக் குடித்தனக்காரரை வெளியேற்றினால், பிறகு நீங்கள்தான் பிரதிவாதிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும்.

அதே காரணத்துக்காக, பூட்டை மாற்றுவது, தண்ணீரை நிறுத்துவது, கரன்ட்டைத் துண்டிப்பது எதையும் கனவிலும் நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியா சிவில் சட்டம் 789.3இன்படி நாளொன்றுக்கு 100 டாலர் வரை, குறைந்தது 250 டாலர், அதற்கு மேல் அவருக்கு ஏற்பட்ட நஷ்டமும் உங்கள் தலையில் விழும். குழாய் ஒழுகுகிறது என்று அவர் சொன்னால், வழக்கு நடக்கும்போதும் சரி செய்து கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வாடகை விஷயத்திலும் கவனம் வேண்டும். காலி செய்யச் சொல்லி நீங்கள் கொடுத்த நோட்டீஸின் கெடு முடிந்த பிறகான காலத்துக்கு வாடகை வாங்கிக்கொண்டால், நோட்டீஸையே நீங்கள் கைவிட்டுவிட்டீர்கள் என்று வாதிட இடம் கொடுத்தவர் ஆவீர்கள். காசோலை என்றால் வங்கியில் போடாமல் திருப்பி அனுப்பலாம். ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் பணம் தானாகவே கணக்கில் வந்து விழுந்துவிடும். பாதி வாடகையை இரவு 11 மணிக்கு அனுப்பிவிட்டு, காலையில் ‘வாங்கிக்கொண்டார்களே’ என்று சொல்பவர்களும் உண்டு. வந்த பணத்தை உடனே திருப்பி அனுப்பி, ஏன் அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரி மின்னஞ்சலும் போட்டு வையுங்கள்.

அவர் சொன்ன காரணத்தைப் படியுங்கள்

இந்த வேலையின் கனமான பகுதி இதுதான். ஃபெடரல் கோர்ட் எல்லா வழக்கையும் எடுக்காது. சாதாரண மனிதர்களுக்கு அங்கே நுழைய முக்கியமாக இரண்டு வாசல்: வழக்கே ஃபெடரல் சட்டத்தின்கீழ் எழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவராகவோ வெளிநாட்டவராகவோ இருந்து, வழக்கின் தொகை 75,000 டாலரைத் தாண்ட வேண்டும். இதில் ஏதோ ஒன்று உண்டு என்று நிரூபிக்க வேண்டியவர் வழக்கை மாற்றியவர்தான். சந்தேகம் வந்தால் வழக்கு மாநிலத்துக்கே என்று ஒன்பதாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் காஸ் எதிர் மைல்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. வழக்கைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஃபெடரல் கோர்ட்டில் நீங்கள் போடப்போகும் மனுவின் முதல் பாராவிலேயே அதைச் சொல்லிவிடலாம்.

முதல் வாசல்தான் அதிகம் தட்டப்படுவது. ‘வீட்டுக்காரர் கொடுத்த நோட்டீஸ் ஃபெடரல் சட்டத்தை மீறுகிறது’ என்று எழுதியிருப்பார்கள். பறிமுதல் வீடுகளில் குடியிருப்பவர்களைக் காக்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டம், கோவிட் காலத்து கேர்ஸ் சட்டம், 1968ஆம் ஆண்டின் ஃபேர் ஹவுசிங் சட்டம் என்று பெயர்கள் வரிசையாக வரும். உங்கள் வீடு எந்த வங்கியாலும் பறிமுதல் ஆகியே இருக்காது. ஆனாலும் அந்த 2009 சட்டம் காகிதத்தில் இருக்கும். ஒரே மாதிரிப் படிவத்தைப் பெயர் மாற்றிப் போட்டால் அப்படித்தான்.

இதற்கான பதில் நூறாண்டுக்கு மேல் பழையது. மாட்லி என்றொரு தம்பதி. ரயில் விபத்தில் அடிபட்டவர்கள். நஷ்ட ஈட்டுக்குப் பதிலாக லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில் கம்பெனி அவர்களுக்கு ஆயுள் முழுக்க இலவசப் பயணம் எழுதிக் கொடுத்தது. பின்னால் இலவச பாஸ் கூடாது என்று ஃபெடரல் சட்டம் வந்தது. கம்பெனி பாஸை நிறுத்தியது. தம்பதி வழக்குப் போட்டார்கள். 1908இல் உச்ச நீதிமன்றம், இது ஃபெடரல் கோர்ட்டின் வழக்கே இல்லை என்றது. அவர்களுடைய வழக்கு வெறும் ஒப்பந்த மீறல். ஃபெடரல் சட்டம் உள்ளே வருவது கம்பெனி சொல்லப்போகும் எதிர்வாதத்தில்தான். வாதி எழுதிய வழக்கு மனுவில் என்ன இருக்கிறது என்பதை மட்டும்தான் பார்க்க வேண்டும், எதிராளி என்ன வாதம் வைப்பார் என்பதைப் பார்க்கக் கூடாது என்ற விதி அப்படி நிலைபெற்றது. எதிர்வழக்கு போட்டாலும் இதே கதிதான் என்று 2009இல் வேடன் எதிர் டிஸ்கவர் பேங்க் வழக்கில் சொல்லிவிட்டார்கள்.

மாநில கோர்ட்டில் வழக்குப் போட்ட உங்கள் யூடி-100 படிவத்தை எடுத்துப் பாருங்கள். வாடகை ஒப்பந்தம், நோட்டீஸ், பாக்கித் தொகை, வீட்டின் சுவாதீனம். இவ்வளவுதான். ஃபெடரல் சட்டம் ஒன்றின் கீழும் நீங்கள் எதையும் கேட்கவில்லை. குடித்தனக்காரருக்கு நிஜமாகவே ஒரு ஃபெடரல் பாதுகாப்பு இருக்கலாம். வங்கிக் கடன் ஃபெடரல் ஆதரவுடையது என்றால் கேர்ஸ் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் தரவேண்டியிருந்தது என்று அவர் வாதிடலாம். அதை மாநில நீதிபதியிடமே சொல்லலாம்; அவருக்கும் ஃபெடரல் சட்டம் கட்டுப்படும். மனுவில் இந்த வரியைக் கட்டாயம் எழுதுங்கள். குடித்தனக்காரரின் வாயை யாரும் அடைக்கவில்லை என்று நீதிபதிக்குத் தெரிந்தால் மனசு லேசாகும்.

இரண்டாவது வாசலில் நம்மவர்களுக்கு மட்டும் ஒரு முடிச்சு உண்டு. எச்-1பி விசாவில் இருக்கும் வீட்டுக்காரர் சட்டத்தின் கண்ணில் இந்தியக் குடிமகன். குடித்தனக்காரர் கலிஃபோர்னியாவில் குடியிருக்கும் அமெரிக்கர் என்றால், ‘மாநிலத்தவர் ஒருபக்கம், வெளிநாட்டவர் மறுபக்கம்’ என்ற நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. நீங்கள் கிரீன் கார்டு வைத்துக்கொண்டு அதே மாநிலத்தில் குடியிருந்தால் அந்த வாதம் நிற்காது. இருவருமே எச்-1பி என்றாலும் நிற்காது. இரண்டு பக்கமும் வெளிநாட்டவர். சிக்கலான நிலை இன்னொன்று: நீங்கள் அமெரிக்கக் குடிமகன், குடித்தனக்காரர் விசாவில் இருப்பவர். உள்ளூர்ப் பிரதிவாதி இந்தக் காரணத்தைச் சொல்லி வழக்கை மாற்றக் கூடாது என்று 1441(பி)(2) பிரிவு சொல்கிறது. ஆனால் வெளிநாட்டவர் கலிஃபோர்னியக் குடிமகன் இல்லை என்பதால் அந்தப் பிரிவு இங்கே கைகொடுக்காது. அப்போது உங்களிடம் மிச்சம் இருப்பது தொகை ஒன்றுதான். அதுவே போதும்.

தொகை பற்றி அவர்கள் எழுதுவது இப்படி இருக்கும்: ‘வீட்டின் மதிப்பு 15 லட்சம் டாலர், ஆகவே 75,000க்கு மேல்.’ இந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே இல்லை. யார் குடியிருப்பது என்பதுதான் கேள்வி. அதனால் வீட்டின் மதிப்பைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பாக்கி வாடகையும், அதற்குப் பின் நாளொன்றுக்கு இவ்வளவு என்று நீங்கள் கேட்டிருக்கும் ஈட்டுத்தொகையும்தான் கணக்கு. மாதம் 4,200 டாலர் வாடகை என்று வையுங்கள். மூன்று மாதப் பாக்கி 12,600. ஒரு வருஷம் முழுக்கவே வாடகை வராமல் இருந்தாலும் 50,400தான். வழக்கு மனுவின் மேல்பகுதியில் ‘லிமிட்டட்’ என்ற கட்டத்தில் நீங்கள் டிக் அடித்திருப்பீர்கள். 35,000 டாலருக்கு மேல் போகாத வழக்கு என்று அதற்குப் பொருள். அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணையுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவதாக, அபூர்வமாக 1443 பிரிவைச் சொல்லியிருப்பார்கள். இனச் சமத்துவ உரிமை மாநில நீதிமன்றத்தில் மறுக்கப்படுகிறது என்பவர்களுக்கான வாசல் அது. மாநிலச் சட்டமே அந்த உரிமையைத் தடுக்கிறது என்பது போன்ற கடுமையான நிபந்தனைகளை உச்ச நீதிமன்றம் 1966இலேயே வைத்திருக்கிறது. பொதுவாக ‘நீதி கிடைக்காது’ என்று சொல்வது போதாது. ஆனாலும் அந்த எண் காகிதத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். திருப்பி அனுப்பும் உத்தரவை எதிர்த்துச் சாதாரணமாக மேல்முறையீடு கிடையாது. 1443ஐச் சொல்லி மாற்றியிருந்தால் உண்டு. அதனால் உங்கள் மனுவிலும் அதற்குத் தனியாக ஒரு பாரா பதில் எழுத வேண்டும்.

30 நாள் கெடு

வழக்கை விசாரிக்கும் அதிகாரமே ஃபெடரல் கோர்ட்டுக்கு இல்லை என்ற வாதத்துக்குக் கெடு கிடையாது. தீர்ப்புக்கு முன் எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம், நீதிபதி தானாகவும் எழுப்பலாம். மற்ற குறைகள் அப்படியில்லை. வழக்கு கையில் கிடைத்து 30 நாள் கழித்து மாற்றினார், மற்றப் பிரதிவாதிகள் சம்மதிக்கவில்லை, உள்ளூர்ப் பிரதிவாதி மாற்றக் கூடாது என்பவை எல்லாம் நடைமுறைக் குறைகள். ரிமூவல் தாக்கலான நாளிலிருந்து 30 நாளுக்குள் நீங்கள் மனுப் போட்டுச் சொல்லவில்லையென்றால் அவை போனது போனதுதான். 1447(சி) பிரிவு இது. நான் சொல்வது: 30 நாள் வரை காத்திருக்காதீர்கள், ஒரு வாரத்துக்குள் போடுங்கள். எல்லா வாதங்களையும் ஒரே மனுவில் போடுங்கள்.

மனுவைத் தயார் செய்வது

வழக்கை மாநில கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பக் கேட்கும் இந்த மனுவுக்கு ‘மோஷன் டு ரிமாண்ட்’ என்று பெயர். இதற்குக் கட்டணம் இல்லை. இடது ஓரத்தில் 1 முதல் 28 வரை வரி எண் போட்ட பிளீடிங் காகிதத்தில் அடிக்க வேண்டும்; வேர்டில் வார்ப்புரு கிடைக்கும். முதலில், என்ன கேட்கிறீர்கள், எந்தத் தேதியில் விசாரணை என்று சொல்லும் நோட்டீஸ். அடுத்து வாதக் குறிப்பு. ஐந்தாறு பக்கம் தாராளம், 25 பக்கம் வரை அனுமதி உண்டு என்பதற்காக நிரப்ப வேண்டாம். பிறகு உங்கள் டிக்ளரேஷன்: வழக்கு எப்போது போட்டது, சம்மன் எப்போது சேர்ந்தது, விசாரணைத் தேதி என்னவாக இருந்தது என்பதைப் பொய் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழியோடு எழுதி, மாநில வழக்கு மனுவின் நகலை இணைப்பது. கடைசியாக, நீதிபதி கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்கிற மாதிரி ஒரு வரைவு உத்தரவு. இதைச் சோம்பல்பட்டு விட்டுவிடுபவர்கள் உண்டு. இரண்டு பக்கத்தில் சுத்தமாக எழுதிக் கொடுத்த உத்தரவு வேலையைச் சுலபமாக்கும்.

டிக்ளரேஷனில் புலம்பல் வேண்டாம். அவர் நாய் வளர்த்தது, சுவரைக் கெடுத்தது, பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டது எல்லாம் ஃபெடரல் நீதிபதிக்குத் தேவையில்லாத சமாச்சாரம். மாதாமாதம் மார்ட்கேஜ் கட்டுகிறீர்கள் என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லலாம். சீக்கிரம் முடிக்கச் சொல்லிக் கேட்கும்போது அது உதவும்.

தாக்கல் செய்ததும் குடித்தனக்காரருக்குத் தபாலில் ஒரு பிரதி அனுப்பி, அனுப்பியதற்கான சான்றையும் தாக்கல் செய்யுங்கள். வழக்கறிஞர் வைக்காதவர்களுக்கு உதவ ஃபெடரல் கோர்ட்டுகள் பலவற்றில் இலவச உதவி மையம் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ, ஓக்லாண்ட், சான் ஹோசே மூன்று ஊரிலும் உண்டு. முன்பதிவு செய்துகொண்டு, எழுதிய வரைவோடு போங்கள். வெறுங்கையோடு போனால் அரை மணி நேரம் கதை சொல்வதிலேயே போய்விடும்.

நாட்களைக் குறைக்கும் வழிகள்

வடக்கு மாவட்டத்தின் விதிப்படி மனுப் போட்ட நாளுக்கும் விசாரணைக்கும் இடையே குறைந்தது 35 நாள் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்சு கவுன்டி அடங்கிய மத்திய மாவட்டத்தில் 28. இவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லாமலே பல வழக்குகள் முடிந்துவிடும். நீதிபதியே காகிதத்தைப் பார்த்து, யாரும் கேட்காமலே திருப்பி அனுப்பிவிடுவார். கட்டணத் தள்ளுபடி மனுவை நிராகரித்து, அதே உத்தரவில் வழக்கையும் திருப்பி அனுப்புவது மத்திய மாவட்டத்தில் சகஜம். ‘ஏன் திருப்பி அனுப்பக் கூடாது என்று காரணம் சொல்’ என்று குடித்தனக்காரருக்கு உத்தரவு போடும் நீதிபதிகளும் உண்டு. இருந்தாலும் நீதிபதி தானாகச் செய்வார் என்று நம்பிச் சும்மா இருக்காதீர்கள். மனுவோடு சேர்த்து, விசாரணையைச் சீக்கிரம் வையுங்கள் அல்லது விசாரணையே இல்லாமல் காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று கேட்டு இன்னொரு சிறு மனுவும் போடுங்கள்.

வடக்கு மாவட்டத்தில் பலரும் கவனிக்காமல் நாளைத் தொலைக்கும் இடம் மாஜிஸ்ட்ரேட் நீதிபதி விஷயம். சிவில் வழக்குகள் அங்கே முதலில் மாஜிஸ்ட்ரேட் நீதிபதியிடமே போய் விழலாம். இரு தரப்பும் சம்மதித்தால்தான் அவர் இறுதி முடிவு எடுக்க முடியும். நீங்கள் சம்மதப் படிவத்தை முதல் நாளே போட்டுவிடுவீர்கள்; எதிராளி பதிலே சொல்ல மாட்டார். அப்போது மாஜிஸ்ட்ரேட், ‘திருப்பி அனுப்பலாம்’ என்ற பரிந்துரையோடு வழக்கை மாவட்ட நீதிபதியிடம் அனுப்புவார். ஆட்சேபம் சொல்ல 14 நாள் கொடுப்பார். எதிராளி சம்மதிக்கவே மாட்டார் என்று தெரிந்தால், நீங்களே சம்மதம் மறுத்து நேராக மாவட்ட நீதிபதியிடம் கொண்டுபோவது சில சமயம் வேகமான வழி. மறுப்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

செலவுத்தொகை கேட்கலாமா? கேட்கலாம். வழக்கை மாற்றியதற்கு நியாயமான அடிப்படையே இல்லையென்றால் வழக்கறிஞர் கட்டணத்தையும் கொடுக்கச் சொல்லலாம் என்று 2005இல் மார்ட்டின் எதிர் ஃபிராங்க்ளின் கேப்பிட்டல் வழக்கில் வந்திருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நடத்தினால் அந்தக் கட்டணம் கிடையாது, கைச்செலவு மட்டும்தான். வாடகையே கட்ட முடியாதவர்மேல் அந்த உத்தரவைப் போட நீதிபதிகள் தயங்குவார்கள். போட்டாலும் வசூலாவது வேறு கதை. இரண்டாம் தடவை மாற்றும்போது பயன்படும் என்பதற்காகவே கேட்டு வைக்கலாம்.

உத்தரவு வந்த பிறகு

இங்கேதான் சிலர் ஜெயித்துவிட்டோம் என்று இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். ஃபெடரல் கோர்ட் கிளார்க், உத்தரவின் சான்றிட்ட நகலை மாநில கோர்ட் கிளார்க்குக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் மாநில கோர்ட் மேலே போகும். தபால் போகும், சேரும், ஏதோ ஒரு மேஜையில் கிடக்கும். நீங்களே ஃபெடரல் கிளார்க் அலுவலகத்துக்குப் போய் சில டாலர் கட்டி ஒரு சான்றிட்ட நகல் வாங்கி, அதை மாநில கோர்ட்டில் ஓர் அட்டைப் பக்கத்தோடு தாக்கல் செய்துவிடுங்கள். ஃபெடரல் கிளார்க் எந்தத் தேதியில் அனுப்பினார் என்பது பேசரில் பதிவாகியிருக்கும். அந்தப் பக்கத்தையும் அச்செடுத்துக் கூடவே வையுங்கள்.

மாநில கோர்ட் வலைத்தளத்தில் வழக்கின் நிலை மாறியதும் அடுத்த வேலை. குடித்தனக்காரர் முன்பே பதில் போட்டிருந்தால், யூடி-150 படிவத்தில் விசாரணைத் தேதி கேளுங்கள். கேட்டதிலிருந்து 20 நாளுக்குள் விசாரணை வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பழைய தேதி ரத்தாகியிருக்கும். அது தானாகத் திரும்பி வராது. அவர் பதிலே போடாமல் வழக்கை மாற்றியிருந்தால், டிஃபால்ட் கேட்க அவசரப்படாதீர்கள். 2025 ஜனவரி முதல் பதில் போட 10 கோர்ட் நாள் அவகாசம்; அதற்கு முன் 5 நாளாக இருந்தது. திரும்பி வந்த வழக்கில் அந்த அவகாசம் எந்த நாளிலிருந்து ஓடும் என்பதை உங்கள் கவுன்டி கோர்ட்டின் சுய உதவி மையத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு, அதற்கு மேல் ஓரிரு நாள் விட்டு டிஃபால்ட் கேளுங்கள். அவசரத்தில் வாங்கிய டிஃபால்ட்டை ரத்து செய்ய அவர் மனுப் போட்டால் மறுபடியும் ஒரு வாய்தா.

மறுபடியும் மாற்றினால்

ஒரே காரணத்தைச் சொல்லி இரண்டாவது முறை மாற்றுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் தாக்கல் செய்வதை யாரும் வாசலில் தடுப்பதும் இல்லை. முதல் உத்தரவை இணைத்து, புதிய வழக்கையும் பழைய நீதிபதியிடமே அனுப்பும்படி ‘தொடர்புடைய வழக்கு’ மனுப் போடுங்கள். இந்த முறை செலவுத்தொகையை அழுத்திக் கேளுங்கள். இனி அனுமதியில்லாமல் இந்த வழக்கை மாற்றக் கூடாது என்று உத்தரவிடும்படியும் கேட்கலாம்.

இன்னொரு உபாயமும் உண்டு. வழக்கில் பெயரே இல்லாத ஒருவர் ‘நானும் இங்கே குடியிருக்கிறேன்’ என்று வந்து, அவர் பெயரில் மாற்றுவார். முதலிலேயே, சம்மன் கொடுக்கும்போது ‘ப்ரீஜட்ஜ்மென்ட் கிளெய்ம் ஆஃப் ரைட் டு பொசெஷன்’ என்ற படிவத்தையும் சேர்த்து முறைப்படி சேர்ப்பித்திருந்தால், பெயர் தெரியாத குடியிருப்பாளர்களுக்கு 10 நாள்தான் அவகாசம். அதற்குள் வராதவர் பிறகு கடைசி நிமிடத்தில் முளைக்க முடியாது. இதைப் படிக்கிறவர்களில் இன்னும் வழக்குப் போடாதவர்கள் இருந்தால், சம்மன் சேர்ப்பிக்கும் ஆளிடம் இந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

வழக்கு திரும்பி வந்த கையோடு பாங்க்ரப்ட்சி (திவால் மனு) போடுகிறவர்களும் உண்டு. அது வேறு கோர்ட், வேறு சட்டம். மனுப் போட்ட நொடியிலேயே தானாகத் தடை வந்துவிடும். ரிமாண்ட் உத்தரவைக் காட்டி அந்தத் தடையைத் தாண்ட முடியாது. பாங்க்ரப்ட்சி நீதிபதியிடம் தடையை நீக்கச் சொல்லித் தனி மனுப் போட வேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு, படிவங்களும் கறாரானவை. அந்த ஒரு மனுவுக்காவது வழக்கறிஞரை வைத்துக்கொள்வதே நல்லது. ‘லிமிட்டட் ஸ்கோப்’ என்று சொல்லி, அந்த வேலைக்கு மட்டும் கட்டணம் பேசி எடுத்துக்கொள்ளும் வழக்கறிஞர்கள் கிடைப்பார்கள். உங்கள் கவுன்டி பார் அசோசியேஷனின் பரிந்துரை எண்ணுக்குக் கூப்பிட்டு அப்படியே கேளுங்கள்.